செஸ்னா ஜன்னலுக்கு எந்த லென்ஸ்? லேக் எயர் மேலே நான் பயன்படுத்திய நான்கு லென்ஸ்கள்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செஸ்னா மாதிரியான குட்டி விமானத்தில் ஏறிப் படம் எடுக்கப் போகிறீர்கள், கையில் ஒரே ஒரு லென்ஸ்தான் இருக்க முடியும் என்றால் 24-105 எஃப்4 ஜூமை (24 மி.மீ.யிலிருந்து 105 மி.மீ. வரை மாற்றிக்கொள்ளும் லென்ஸ்; எஃப் எண் சிறிதாக இருந்தால் லென்ஸின் துளை பெரிது, வெளிச்சம் அதிகம்) எடுத்துக்கொண்டு போங்கள். எஃப்2.8-க்கும் தூரத்தை அருகில் இழுக்கும் நீளமான டெலி லென்ஸுக்கும் ஒதுக்கி வைத்திருக்கும் பணத்தில் இன்னொரு மணி நேரம் பறந்துவிடுங்கள், படம் அதில்தான் கூடும். ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், தரையில் நல்ல லென்ஸ் என்று பெயர் வாங்கிய பல சாமான்கள் திறந்த ஜன்னலில், எண்பது நாட் (மணிக்குச் சுமார் 150 கி.மீ.) வேகத்தில், பாதிக்குப் பாதி பயன்படாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். எந்த லென்ஸ் விமர்சனத்திலும் இந்தச் சூழ்நிலைக்கு மதிப்பெண் போடுவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் எடுக்கும் இடம் தெற்கு ஆஸ்திரேலியாவின் காட்டி தாண்டா–லேக் எயர். கடல் மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே இருக்கும் உப்பு ஏரி, அந்த நாட்டிலேயே தாழ்வான இடம். பெரும்பாலான ஆண்டுகளில் வெறும் உப்புப் பாளம்தான். 2025 தொடக்கத்தில் குயின்ஸ்லாந்தின் மேற்குப் பகுதியில் கொட்டிய மழை, ஆறுகள் வழியாக மெதுவாக இறங்கி, சில வாரங்கள் கழித்து இங்கே வந்து சேர்ந்தது போல எப்போதாவது தண்ணீர் வரும். வந்தால் இளஞ்சிவப்பு, பால்வெள்ளை, பச்சை, துருப்பழுப்பு என்று ஏரி நிறம் மாறிக்கொண்டே இருக்கும், கூழைக்கடாக்கள் கூட்டமாக வந்து இறங்கும். தரையிலிருந்து பார்த்தால் இதில் எதுவுமே தெரியாது. கரையில் நின்றால் ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். ஊட்னடாட்டா பாதையில் இருக்கும் வில்லியம் க்ரீக் என்ற சின்னஞ்சிறு ஊரிலிருந்தும் மரீயிலிருந்தும் விமானங்கள் கிளம்புகின்றன. செஸ்னா வகைகளும், விக்டோரியா மாநிலத்தில் தயாரான ஜிஏ8 ஏர்வேனும் அங்கே வழக்கமாகக் கண்ணில் படும்.

லென்ஸுக்கு வருவதற்கு முன்னால் விமானத்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே பார்ப்பதற்குத் தடையில்லை, அது பெரிய வசதி. ஆனால் விமானத்தின் அடிவயிற்றிலிருந்து இறக்கையின் நடுவுக்கு ஒரு சாய்ந்த கம்பி போகிறது, ஸ்ட்ரட் என்பார்கள். கீழே சக்கரம் எப்போதும் தொங்கிக்கொண்டே இருக்கும், இந்த மாடலில் அது உள்ளே மடங்காது. முன் சீட்டில் உட்கார்ந்து 24 மி.மீ.யில் வெளியே பார்த்தால் மேலே இறக்கையின் அடிப்பகுதி, ஓரத்தில் ஸ்ட்ரட், கீழ்மூலையில் டயர் என்று மூன்றும் படத்துக்குள் வந்துவிடும். அதே இடத்திலிருந்து 35 மி.மீ.க்கு வந்து, உடம்பைக் கொஞ்சம் திருப்பி, ஸ்ட்ரட்டுக்கும் வால்பகுதிக்கும் இடையில் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால் சுத்தமான ஒரு இடைவெளி கிடைக்கும். 50-ல் எந்தத் தொந்தரவும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டாலே 16-35 மாதிரியான வைட் ஜூமை வீட்டில் வைத்துவிட்டு வரலாம். செஸ்னா 210-ன் பிந்தைய மாடல்களில் ஸ்ட்ரட் கிடையாது, சக்கரமும் உள்ளே போய்விடும். அதில் 24 தாராளமாகப் பயன்படும். ஆக, முன்பதிவு செய்யும்போதே எந்த விமானம், எந்த ஜன்னல் திறக்கும், எந்தப் பக்கம் உட்காரலாம் என்று கேட்டுவிட்டுத்தான் லென்ஸைப் பற்றி யோசிக்க வேண்டும். 172-ல் பைலட் பக்கத்து ஜன்னல் திறக்கும், வலது ஜன்னல் எல்லா விமானத்திலும் திறக்காது, பின் சீட்டு ஜன்னல் திறக்கவே திறக்காது.

ஜன்னல் திறக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். மேலே கீல் வைத்த ஜன்னல் அது. சாதாரணமாக ஒரு சின்னத் தடுப்புக் கம்பி அதை ஒரு கை அகலத்துக்கு மேல் விடாது. படம் எடுப்பதற்கென்று வரும்போது அந்தத் தடுப்பை முறையாகக் கழற்றி வைத்துத் தருவார்கள். மேலே போனதும் கொக்கியைத் திருப்பினால் காற்றே ஜன்னலைத் தூக்கி இறக்கையின் அடியில் ஒட்டவைத்துவிடும், யாரும் பிடிக்க வேண்டியதில்லை. அந்த நொடியில் சத்தமும் குளிரும் ஒன்றாக உள்ளே வரும். ஜூன், ஜூலை காலையில் அங்கே விரல் விறைத்துப்போகும், மெல்லிய கையுறை கட்டாயம் வேண்டும்.

இனி கணக்கு. ஆயிரம் அடி உயரம், அதாவது சுமார் 300 மீட்டர். அங்கிருந்து நேர் கீழே பார்த்தால் ஃபுல்ஃப்ரேம் (சென்சார் 36 மி.மீ. அகலம்) கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் 450 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும், 35 மி.மீ. சுமார் 310 மீட்டர், 50 மி.மீ. 216 மீட்டர், 105 மி.மீ. சுமார் 100 மீட்டர், 200 மி.மீ. வெறும் 54 மீட்டர். உப்பில் தண்ணீர் கிளைவிட்டு ஓடிய தடம், கரையோர நிறப் பட்டைகள், ஒரு தீவின் விளிம்பு எல்லாம் பெரும்பாலும் நூறிலிருந்து முந்நூறு மீட்டருக்குள் அடங்கும் அளவில் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் ஊர் இல்லாத இடத்தில் 500 அடிக்குக் கீழேயும், ஊர் மேலே 1000 அடிக்குக் கீழேயும் பறக்கக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. ஆகவே நம் கையில் இருக்கும் உயரத்துக்கும், பார்க்கக் கிடைக்கும் வடிவங்களுக்கும் 35-லிருந்து 105 வரைதான் நடுநாயகம். என் கோப்புறைகளில் நான் வைத்துக்கொண்ட படங்கள் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கின்றன.

சரி, லென்ஸ்கள். என்னிடம் இருப்பது சோனி உடல், 61 மெகாபிக்சல் ஏ7ஆர் 5. அதனால் சோனி மவுன்ட்டில் (கேமராவில் லென்ஸ் மாட்டும் இணைப்பு) பேசுகிறேன், மற்றவர்களுக்குக் கடைசியில்.

சோனி 24-105 எஃப்4 ஜி. 2017-ல் வந்தது, 663 கிராம், 77 மி.மீ. பில்டர். இது புதுசும் இல்லை, கவர்ச்சியும் இல்லை. ஓரங்களில் கூர்மை எஃப்4-ல் சுமார்தான், எஃப்5.6-க்கு வந்தால் 61 மெகாபிக்சலுக்குத் தாராளமாகப் போதும். ஆகாயத்தில் எஃப்5.6 வைப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை என்பதைப் பலர் யோசிப்பதில்லை. தரையில் பின்னணி மங்க வேண்டும், முகம் மட்டும் தெளிவாக வேண்டும் என்று அபர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, பெரிதாகத் திறக்கிறோம். இங்கே எல்லாமே முந்நூறு மீட்டருக்கு அப்பால். 50 மி.மீ. லென்ஸை எஃப்4-ல் வைத்தாலே இருபது சொச்சம் மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் பத்து மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாகிவிடும். எஃப்2.8 தரும் அழகுக்கு ஆகாயத்தில் வேலையே இல்லை, அது தரும் வெளிச்சத்துக்கு மட்டும்தான் வேலை. அந்த வெளிச்சமும் சூரியன் உதிக்கும் அரை மணி நேரம் தவிர்த்து நமக்குத் தேவைப்படுவதில்லை. உப்புப் பாளம் அவ்வளவு பிரகாசம்.

இதில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. ஜூம் செய்தால் முன்பக்கம் நீளும். நீண்ட பகுதி ஜன்னல் கோட்டைத் தாண்டினால் காற்று அதைப் பிடித்துக்கொள்ளும். 70 நாட் என்றால் நொடிக்கு 36 மீட்டர். ஒரு பெரிய 70-200 முழுக்க வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் விழும் தள்ளல் ஒன்றரைக் கிலோ எடை அளவுக்கு வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 24-105-க்கு அதில் பாதி. பாதியாக இருந்தாலும் படம் ஆடத்தான் செய்யும். அதனால் லென்ஸின் முனை ஜன்னல் சட்டத்துக்கு உள்ளேயே இருக்க வேண்டும், ஒரு விரற்கடை கூட வெளியே போகக் கூடாது. அப்புறம் ஹூட், லென்ஸின் முன்னால் மாட்டும் வெயில் மறைப்பு. கழற்றி வைத்துவிடுங்கள். காற்று பிடிக்கும் முதல் சாமான் அதுதான், கழன்று விழுந்தால் பின்னால் இருக்கும் வால்பகுதியில் போய் அடிக்கலாம். ஹூட், லென்ஸ் மூடி, தொப்பி, கழுத்தில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, சட்டைப்பையில் இருக்கும் பேனா வரை எதுவும் தளர்வாக இருக்கக் கூடாது. வெயில் நேராக லென்ஸில் விழுந்தால் பைலட்டிடம் சொல்லிக் கொஞ்சம் திரும்பச் சொன்னால் போயிற்று.

ஃபோகஸ் விஷயத்தில் பழைய மேனுவல் லென்ஸ்கள் எவ்வளவோ நல்லவை. வளையத்தைக் கடைசிவரை திருப்பினால் இன்ஃபினிட்டி (மிகத் தொலைவு), அங்கேயே ஒரு டேப் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. இப்போதைய ஆட்டோஃபோகஸ் லென்ஸில் வளையத்துக்கு அப்படி ஒரு நிறுத்தம் கிடையாது, இன்ஃபினிட்டியைத் தாண்டியும் போகும். உப்பு வெளியில் ஆட்டோஃபோகஸ் பிடிக்க ஒரு கோடுகூட இல்லாத இடங்கள் நிறைய. காற்றில்லாத காலையில் தண்ணீரும் வானமும் ஒன்றோடொன்று கலந்து தொடுவானமே தெரியாமல் போகும்போது லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும், நல்ல வளைவு கீழே போய்விடும். நான் செய்வது இதுதான்: ஏரிக்குப் போகும் வழியில் கரையோரத்தில் ஏதாவது ஒரு தெளிவான விளிம்பில் ஆட்டோஃபோகஸ் வைத்து, உடனே மேனுவலுக்கு மாற்றி, பெரிதாக்கிப் பார்த்து, அப்படியே விட்டுவிடுவது. ஜூமை மாற்றும்போது ஃபோகஸ் இலேசாக நகரலாம், கேமராவை அணைத்துப் போட்டாலும் நகரக்கூடும், அதனால் அவ்வப்போது ஒரு தடவை சரிபார்ப்பது நல்லது. ஃபோகஸ் மோடுக்குத் தனிச் சுவிட்ச் லென்ஸிலேயே இருப்பது இங்கே பெரிய வரம். கையுறையோடு மெனுவுக்குள் போய்த் தேட முடியாது. லென்ஸ் வாங்கும்போது அந்தச் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து 70-200. என்னிடம் இருப்பது சோனியின் எஃப்4 ஜி இரண்டாம் பதிப்பு, 2023-ல் வந்தது, 794 கிராம். எடை குறைவு, கூர்மை அபாரம், குறை சொல்ல முடியாது. ஆனால் இதுவும் ஜூமில் நீளும். நீளாத லென்ஸ்தான் வேண்டும் என்றால் 2.8 ஜிஎம் இரண்டாம் பதிப்பு, அது 1045 கிராம். நீளாததற்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கிறது, ஜன்னல் சட்டத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைத்திருக்கிறோம் என்று யோசித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. இருந்தாலும் 150-க்கு மேலே போகும்போது இன்னொரு சிக்கல் வருகிறது: காற்று. சாய்வாக, தூரத்தில் இருக்கும் ஒரு மணல்மேட்டை 200-ல் இழுத்தால் இடையில் இருக்கும் பல கிலோமீட்டர் புழுதியையும் வெப்பத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறோம். பதினொரு மணிக்கு மேல் அந்தப் படங்கள் எல்லாம் சாம்பல் பூசியதுபோல இருக்கும், எந்த விலை கொடுத்து வாங்கிய லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது. 200-ஐ நேர் கீழே, காலை எட்டு மணிக்குள் பயன்படுத்தினால் மட்டும் அற்புதமாக வருகிறது. நீரோடை உப்பைத் தொடும் இடத்தில் விரல் விரலாகப் பிரியும் அந்த நிறக் கலவைக்கு இதைவிட்டால் வேறு லென்ஸ் இல்லை.

பறவைகளுக்காகவும் ஒரு நீளமான லென்ஸ் கையில் இருப்பது நல்லது, ஆனால் பலர் நினைக்கும் காரணத்துக்காக இல்லை. கூழைக்கடாக் கூட்டத்தின் மேல் தாழப் பறந்தால் அவை கலைந்து எழும். முட்டையும் குஞ்சுமாக இருக்கும் இடத்தில் அப்படிச் செய்வது படுபாதகம். 200 கையில் இருந்தால் உயரத்தைக் குறைக்கச் சொல்லி பைலட்டைக் கேட்க வேண்டிய ஆசையே வராது. விமானமும் பறவையும் ஒரே உயரத்தில் சந்திப்பது யாருக்கும் நல்லதில்லை என்பது தனி.

ஷட்டர் வேகம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லென்ஸ் தேர்வோடு நேராகப் பிணைந்தது. விமானம் 90 நாட்டில் போகிறது என்றால் நொடிக்கு 46 மீட்டர். 1/1000 நொடியில் அது 4.6 செ.மீ. நகர்ந்துவிடும். ஆயிரம் அடியிலிருந்து 50 மி.மீ. லென்ஸில் 61 மெகாபிக்சல் சென்சாரின் ஒரு பிக்சல் தரையில் சுமார் 2.3 செ.மீ. ஆக, 1/1000-ல் படம் இரண்டு பிக்சல் இழுபடும், 1/2000-ல் ஒரு பிக்சல். 105-க்குப் போனால் அதே 1/2000-ல் இரண்டு பிக்சல், 200-ல் நான்கு. பெரிய மெகாபிக்சல் உடலும் நீளமான லென்ஸும் சேர்ந்தால் ஷட்டர் வேகத்தை எவ்வளவு தின்னும் என்று பாருங்கள். பைலட்டை வேகத்தைக் குறைக்கச் சொல்லலாம், அதற்கு எல்லை உண்டு, அந்த எல்லையை அவர்தான் சொல்வார், நாம் வற்புறுத்தக் கூடாது. நான் 70 மி.மீ. வரை 1/2000-க்குக் கீழே போவதில்லை, அதற்கு மேலே 1/3200. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும், அதனால் படத்தில் வரும் புள்ளிகளை, அதாவது நாய்ஸைக் குறைக்க இப்போது வழி இருக்கிறது, இழுபட்ட உப்புக் கோட்டைச் சரிசெய்ய வழியில்லை.

அதிர்வும் இருக்கிறது. நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2400 சுற்று சுற்றினால் நொடிக்கு 80 வெடிப்பு. லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசர் கை நடுக்கத்துக்காகச் செய்யப்பட்டது, அது மெதுவான ஆட்டம். எண்பது தடவை அதிரும் அதிர்வை அது பிடித்து அடக்கும் என்று நம்பி இருக்கக் கூடாது. அந்த அதிர்வைத் தடுக்கிற ஒரே பொருள் நம் உடம்புதான். முழங்கையைக் கதவில் ஊன்றாமல், லென்ஸைச் சட்டத்தில் சாய்க்காமல், முதுகையும் சீட்டில் அழுத்தாமல், இரண்டு கையையும் மார்போடு சேர்த்துப் பிடித்தால் பெரும்பகுதி உடம்பிலேயே கரைந்துவிடும். அதனால்தான் எடை இவ்வளவு முக்கியம் ஆகிறது. கையை எங்கும் ஊன்றாமல் ஒரு மணி நேரம் பிடித்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் டாம்ரான் 35-150 எஃப்2-2.8 பற்றிப் பேச வேண்டும். காகிதத்தில் பார்த்தால் ஆகாயத்துக்கென்றே செய்த லென்ஸ். தேவையில்லாத 24-ஐ விட்டுவிட்டு 35-ல் தொடங்குகிறது, 150 வரை போகிறது, உதயத்துக்கு எஃப்2 இருக்கிறது, கூர்மை முதல்தரம். நான் இரவல் வாங்கிப் பறந்தேன், அதில் எடுத்த படங்கள் 24-105 படங்களைவிட ஓரம்வரை நன்றாகவே இருக்கின்றன, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் 1165 கிராம். கேமராவோடு சேர்ந்து 1.9 கிலோ. விமானம் 45 டிகிரி சாய்ந்து சீராக வட்டமடிக்கும்போது எல்லா எடையும் 1.4 மடங்காகும், அப்போது கையில் இருப்பது 2.7 கிலோ. 24-105 என்றால் அதே திருப்பத்தில் 2 கிலோவுக்குள். இந்த வித்தியாசம் தரையில் தெரியாது. மேலே மூன்றாவது வட்டத்தில் கை தானாகவே கதவின்மேல் போய் உட்காரும், உட்கார்ந்ததும் அதிர்வு படத்துக்குள் வந்துவிடும். தொழிலாகச் செய்கிறவர்கள், கை வலுவுள்ளவர்கள், உதயத்தில் மட்டும் பறப்பவர்கள் இதை வாங்கலாம். லென்ஸுக்குள் ஸ்டெபிலைசர் இல்லை, மேலே சொன்ன காரணத்தால் அது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. என் கைக்கு இது ஒத்துவரவில்லை.

நான்காவது, எல்லாரும் குறைத்து மதிப்பிடும் சோனி 35 எஃப்1.8. 280 கிராம், 55 மி.மீ. பில்டர். இதை நான் ஒருபோதும் விட்டுவிட்டுப் போவதில்லை. ஜன்னல் திறக்காத விமானத்தில் இடம் கிடைத்தால் இதுதான் கைகொடுக்கிறது. விமான ஜன்னல் கண்ணாடி இல்லை, அக்ரிலிக், அதில் கீறல் இல்லாத ஜன்னலை நான் பார்த்ததே இல்லை. முகப்பு சின்னதாக இருந்தால் அந்தக் கீறல்களுக்கு நடுவே இருக்கும் நல்ல துண்டைத் தேடி அதன் வழியாகப் பார்க்கலாம். பெரிய லென்ஸுக்கு அந்த வாய்ப்பே இல்லை. ஜன்னலுக்கு மிக அருகில், ஆனால் ஒட்டாமல், முடிந்தவரை நேர்க்கோணத்தில் வைக்க வேண்டும். சாய்வாகப் பார்த்தால் அக்ரிலிக்கின் தடிமன் படத்தைக் குழைத்துவிடும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள், வெள்ளைச் சட்டை முழுசாக ஜன்னலில் பிரதிபலிக்கும். உதயத்துக்கு முன்னால் கிளம்பும் விமானத்திலும் இதுதான் உதவும்: எஃப்4-ல் ஐஎஸ்ஓ 4000 கேட்கும் வெளிச்சத்தில் இது 800-ல் முடித்துவிடும். ஜூம் இல்லையே என்றால், விமானமே நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது, பைலட்டிடம் நல்ல பேச்சுவார்த்தை இருந்தால் அவர்தான் உங்கள் ஜூம்.

பளபளப்பை வெட்டும் போலரைசர் பில்டர் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மூடிய ஜன்னல் வழியாக என்றால் வேண்டவே வேண்டாம். அக்ரிலிக்கில் உறைந்திருக்கும் அழுத்தம் எல்லாம் வானவில் பட்டைகளாகத் தெரியும். திறந்த ஜன்னலில் பயன்படும், ஆனால் எந்தக் கோணத்தில் என்று தெரிந்திருக்க வேண்டும். தண்ணீரின் பளபளப்பு முழுசாக வெட்டுப்படுவது செங்குத்திலிருந்து சுமார் 53 டிகிரி சாய்ந்து பார்க்கும்போதுதான், அதாவது தொடுவானத்திலிருந்து 37 டிகிரி கீழே. நேர் கீழே பார்த்தால் போலரைசர் பெரிதாக ஒன்றும் செய்யாது, ஒரு ஸ்டாப்புக்கு மேல் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) வெளிச்சத்தை மட்டும் சாப்பிட்டுவிடும். லேக் எயரில் நல்ல படங்களில் பாதி நேர் கீழே பார்த்து எடுப்பவை. அதனால் நான் 24-105-ல் போடுவதே இல்லை. சாய்வாகப் பார்த்து ஆழமில்லாத தண்ணீருக்கு அடியில் இருக்கும் நிறத்தை எடுக்க மட்டும் போடலாம், அப்போதும் ஒவ்வொரு திருப்பத்திலும் சூரியன் திசை மாறுவதால் வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

லென்ஸை மேலே போய் மாற்றலாம் என்று திட்டம் போடாதீர்கள். திறந்த ஜன்னலோடு காபினுக்குள் காற்று சுழன்றுகொண்டிருக்கும், ஓடுபாதையின் சிவப்புப் புழுதி சீட்டிலும் தரையிலும் இருக்கும், சென்சாரைத் திறந்து காட்டினால் அது போய் உட்கார்ந்துவிடும். இரண்டு லென்ஸ் வேண்டும் என்றால் இரண்டு கேமரா, இரண்டுக்கும் வார், இரண்டும் உடம்போடு கட்டியிருக்க வேண்டும். ஒரு கேமராதான் இருக்கிறது என்றால் ஒரு லென்ஸ். மறுபடியும் 24-105-க்குத்தான் வந்து நிற்கிறோம்.

வாடகைக்கு எடுத்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு கடையில் நான் எடுத்த 70-200-ன் இடது ஓரம் முழுக்க மங்கல், உள்ளே ஒரு கண்ணாடி மையம் விலகியிருந்தது. தரையில் ஆள்படம் எடுப்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஆகாயப் படத்தில் மூலைக்கு மூலை ஒரே தூரத்தில் இருப்பதால் பளிச்சென்று தெரியும். அதனால் எந்த லென்ஸ் கைக்கு வந்தாலும் பறப்பதற்கு முந்தின நாளே தூரத்தில் இருக்கும் ஒரு மரத்தையோ கோபுரத்தையோ நாலு மூலையிலும் வைத்து எஃப்5.6-ல் படம் எடுத்து, முழு அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். நாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இல்லையென்றால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். பறக்கும் ஒரு மணி நேரத்தின் கட்டணத்தோடு பார்த்தால் அந்தக் கால் மணி நேரச் சோதனை ஒன்றுமே இல்லை.

கடைசியாக, மற்ற மவுன்ட்காரர்களுக்கு. நிக்கான் இசட் வைத்திருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், 24-120 எஃப்4 எஸ், 2021-ல் வந்தது, 630 கிராம். சோனியைவிட 15 மி.மீ. அதிகம், எடை குறைவு, ஓரக் கூர்மையும் மேல் என்பது என் கருத்து. எனக்குச் சோனியில் அப்படி ஒன்று கிடைத்தால் உடனே மாற்றிக்கொள்வேன். கேனானில் ஆர்எஃப் 24-105 எஃப்4 எல் இதே வேலையைச் செய்யும். அவர்களிடமே 24-105 எஃப்2.8 இசட் என்று 2023-ல் வந்த ஒன்று இருக்கிறது, ஜூம் செய்தாலும் நீளம் மாறாது, திறந்த ஜன்னலுக்கு அருமையான குணம், ஆனால் கிட்டத்தட்ட 20 செ.மீ. நீளமும் 1330 கிராமும். டாம்ரானுக்கு நான் சொன்னது அத்தனையும் அதற்கும் பொருந்தும். பழைய கேனான் டிஎஸ்எல்ஆரும் 2005-ல் வந்த முதல் 24-105 எல் லென்ஸும் வீட்டில் சும்மா கிடக்கிறதா, அதையே எடுத்துக்கொண்டு போங்கள், எஃப்8-ல் 1/2000 வைத்தால் காலை வெயிலில் குறையே தெரியாத படம் வரும். உப்பு வெளியில் மட்டும் எக்ஸ்போஷரை அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை கூட்டி வையுங்கள், இல்லாவிட்டால் கேமரா அந்த வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும்.